குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் நாளைக்கு ஜெராக்ஸ் கேட்கப்போகும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கொடியேற்றமும் பொங்கல் கோலப்போட்டியும் வழக்கம்போல் நடந்தன. ஆடி மாதம் கூழ் ஊற்றினோம். சாக்கடைக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

இனி கேமரா விஷயம். சேலம் கன்னங்குறிச்சியில் நம் தெருக்களில் வீட்டுக்கு நாலு கேமரா என்று ஆளாளுக்கு மாட்டத் தொடங்கினார்கள். மூன்றாவது குறுக்குத் தெருவில் எதிரெதிர் வீட்டுக் கேமராக்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதற்கு எதற்குத் தனித்தனிச் செலவு? தெரு முனைகளில் சங்கம் மாட்டும், வீட்டுக்கு வாசலில் ஒன்று போதும் என்று நான் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு.

சங்கக் கேமராக்களுக்கு வாங்கிய கொட்டேஷனில், பதிவைச் சேமிக்க 4 டிபி ஹார்ட் டிஸ்க் போட்டிருந்தார்கள். 2 மெகாபிக்சல் கேமராவை எச்.265 என்கிற வீடியோ சுருக்கும் முறையில், 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடவிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 22 ஜிபி ஆகும். நாலு கேமராவுக்கு 1 டிபியிலேயே பத்து நாளுக்கு மேல் பதிவு நிற்கும். வண்டி காணாமல்போனால் மறுநாளே தெரிந்துவிடாதா? ஆகவே 1 டிபி. அடுத்து, செம்பு ஒயர் என்று கொண்டுவந்ததைப் பொருளாளர் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு, உள்ளே வெள்ளையாய் அலுமினியம். சுருளோடு திருப்பி அனுப்பினோம்.

வீடியோ காலிங் பெல் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. மாதச் சந்தா கட்டினால்தான் பழைய பதிவைக் காட்டுவேன் என்கிற பெல் வேண்டாம். மெமரி கார்டு போடுகிற மாடல் வாங்குங்கள். வாங்கும் முன் கையில் போனோடு கேட்டுக்குப் போய் வைஃபை எட்டுகிறதா என்று பாருங்கள், இதற்குக் காசு கிடையாது. பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் பெயர் தெரியாத கேமராவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். கேட்டு வாங்குங்கள். மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். கேமராப் பங்கு இன்னும் பல வீடுகளிலிருந்து வரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். பங்கு தராத ஒருவர், காரில் யாரோ கோடு இழுத்துவிட்டார்கள் என்று ராத்திரி பத்து மணிக்கு வந்து பதிவு கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கேமரா, பங்கு கட்டியவர் வண்டியை மட்டும் பார்ப்பதில்லை, அந்தத் தைரியம்தான் அவருக்கு. ஆலோசனைக் கூட்டத்துக்கு வராதவர்களே கேமரா கோணம் சரியில்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது, பதிவுப் பெட்டியான டிவிஆருக்கு யூபிஎஸ் வாங்கினால் இருக்காது. ஒத்துழைத்த நிர்வாகிகளுக்கும், நாற்காலி தந்தவருக்கும், ஒயர் இழுக்க மாடி தந்த வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஏற்காடு ரோட்டுப் பக்கம் இன்னும் இரண்டு கேமரா வேண்டும். செயலாளர் பொறுப்புக்கு இளைஞர்கள் வர வேண்டும் என்பதே என் விருப்பம். யாரும் கை தூக்காவிட்டால் சபையின் சொல்லை நான் தட்டப்போவதில்லை. ஆனால் பாக்கி வசூலாகாமல் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தும் பயனில்லை.

ரசீதுப் புத்தகமும் ஜிபே அட்டையும் வாசல் மேசையில் இருக்கின்றன. கேசரியும் அதே மேசையில்தான்.