ஓட்டை விழுந்த துணிக்கும் மதிப்பெண் கொடுங்கள்

ஜவுளி வடிவமைப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சோதனை முறை ஜவுளியும் துணிப்பரப்பு வடிவமைப்பும் படிக்கிற மாணவி நான். பாடத்தின் பெயரிலேயே 'சோதனை' இருக்கிறது, மதிப்பெண் தாளில்தான் அதைக் காணோம்.

போன பருவத்தில் டெவோரே, அதாவது துணியில் ஒரு வகை இழையை மட்டும் அமிலத்தால் அரித்து உருவம் கொண்டுவரும் முறையை, செய்து பார்த்தேன். அடித்துணி பட்டாகவும் மேலே நிற்கும் மென்மயிர் போன்ற இழைகள் விஸ்கோஸாகவும் உள்ள வெல்வெட்டில் சோடியம் பைசல்பேட் என்ற அமில உப்பு கலந்த பசையைப் பூசி, காயவைத்து, இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்ட வேண்டும். விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து வருவது என்பதால் அமிலத்தில் கருகி உதிர்ந்துவிடும். பட்டு புரதம், அது தாங்கும். பூசிய இடம் பழுப்பாகும்போதே பெட்டியை எடுத்துவிட வேண்டும். நான் கொஞ்சம் அசந்துவிட்டேன். கழுவித் தேய்த்தால் பொடியோடு பட்டும் சேர்ந்து வருகிறது! உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஆனால் அதன் ஓரத்தில் குறுக்கே ஓடும் ஊடை அறுந்து, நெடுக்கே ஓடும் பாவு இழைகள் மட்டும் தனித்தனியாக நின்றன. நான் மெனக்கெட்டு வரைந்த பூக்களைவிட அது அழகாக இருந்தது. அப்புறம் ஒன்பது துண்டுகளில் அதை வேண்டுமென்றே வரவழைக்கப் பார்த்தேன். சூடு, நேரம், பசையின் கனம் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். இரண்டில் வந்தது.

மதிப்பீட்டு நாளில் அந்தக் குறிப்பேட்டை யாரும் திறக்கவில்லை. "முடிச்ச துணி எங்கே?" என்பதுதான் கேள்வி. கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்றால், முதலாண்டிலேயே எல்லோரும் உஷாராகிவிடுகிறோம். எது கெடாதோ அதைச் செய்கிறோம். இண்டிகோ (அவுரி) சாயத் தொட்டியிலிருந்து மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வரும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாவதைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிவிடலாம். டிஜிட்டல் அச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் அதில்தான் ரிப்பீட் (துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் வடிவம்) போடுகிறேன். ஆனால் வரைந்த தாளை நான்காக வெட்டி, துண்டுகளை இடம் மாற்றி ஒட்டி, ஓரங்கள் நடுவுக்கு வந்ததும் தெரியும் வெற்றிடத்தைக் கையால் நிரப்பியவருக்குத்தான் கண் எங்கே இடறுகிறது என்று புரியும்.

நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் 1922-இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தார். நெசவுப் பிரிவுக்கு அவர் விரும்பிப் போகவில்லை. 1930-இல் பெற்ற பட்டயத்துக்காக அவர் நெய்தது ஒரு அரங்கச் சுவருக்கான துணி: ஒரு பக்கம் செலோஃபேன் என்ற பளபளப்பான மெல்லிய தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும், மறுபக்கம் ஷெனீல் என்ற புசுபுசுப்பான நூல் ஒலியை உறிஞ்சும். இது முதல் தடவையிலேயே அமைந்திருக்குமா?

நான் கேட்பது பெரிதில்லை. நூற்றுக்கு 40 மதிப்பெண்ணை மாதிரிக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள், கெட்டுப்போன துண்டுகளையும் சேர்த்து. சாயக்கூடத்தில் ஒரு அலமாரியும் வேண்டும். சலவைச் சோடா சேர்த்த ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினை புரிந்து ஒட்டும் சாயம்) போட்ட துணி ஈரத்தோடு இரவு முழுக்கக் கிடந்தால் நிறம் நன்றாகப் பிடிக்கும். மாலையானதும் மேசையைக் காலி செய்யச் சொன்னால் சொட்டச் சொட்ட அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்த மதிப்பீட்டுக்கும் அதே குறிப்பேட்டோடுதான் வருவேன். ஓட்டை விழுந்த துணி 31-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி