பேய் வரும் கதை, பேய் வராத கதை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அஸ்தம்பட்டி, சேலம்

நம் கடையில் புத்தகம் வாங்குகிறவர்களுக்கும் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

போன மே மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு போன் வந்தது. "என்னங்க, சின்னப் பசங்க ரேக்குல என்ன புக்கு வச்சிருக்கீங்க? பையன் மூணு நாளா லைட்டை அணைக்க விடமாட்டேங்கறான்." ஐந்தாம் வகுப்புப் பையன். அட்டையில் மாதா கோயில் கோபுரம் இருந்தது. உள்பக்கத்தில் பென்சிலால் "கிறிஸ்தவ நாவல்" என்று எங்கள் கையெழுத்து. அதைப் பார்த்து, நல்ல புத்தகம்தான் என்று பாட்டியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே, கந்தக நாற்றத்தோடு பிசாசுகள் கூரைமேல் உட்கார்ந்து மனிதர் காதில் ஓதிக்கொண்டிருக்கும் கதை. தப்பு முழுக்க எங்களுடையது. அட்டையைப் பார்த்து ரேக் போட்டோம், பக்கத்தைப் புரட்டவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், பையனுக்கு வேறு புத்தகமும் அனுப்பினோம். தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அதே வாரம் சூரமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் வந்து ஒரு புத்தகத்தை மேசையில் தொப்பென்று போட்டார். "எட்டாம் பக்கத்துல கொலை. சரி, கடைசில கொலைகாரனைப் பிடிப்பான்னு பார்த்தா எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் பண்றாங்க. எனக்குத் துப்பறியும் கதை வேணும் சார், பிரசங்கம் வேணாம்." அவர் போய் ஒரு மணி நேரத்தில், வாராவாரம் வரும் டீச்சரம்மா எதிர்த் திசையிலிருந்து கேட்டார்: "மந்திரவாதி, சூனியக்காரி கதையைக் கொண்டுபோய் பைபிள் பக்கத்துல வைக்கலாமா தம்பி?"

மூன்று பேரும் குறை சொன்னது ஒரே ரேக்கை. அந்த ரேக்கை இப்போது பிரித்து மாற்றியிருக்கிறோம். ஏன், எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

அது அப்படிக் குவிந்ததற்குக் காரணம் மலை. ஏற்காட்டில் கான்வென்ட் பள்ளிகள் நூறு வருஷத்துக்கு மேலாக உண்டு, காபி எஸ்டேட் பங்களாக்கள் அதற்கும் முந்தியவை. வீடு காலி செய்கிறவர்கள் புத்தகத்தைச் சாக்கில் கட்டி இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி இங்கே அனுப்புவார்கள். பனிமூட்டம் குடித்த புத்தகங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ராமபாணப் பூச்சி ஓடும். மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து, விசிறி மாதிரி பிரித்து நிற்க வைத்து இரண்டு நாள் காயப் போடுவோம். சேலத்து வெயிலுக்கு அந்த ஒரு புண்ணியம் உண்டு. காய்ந்ததும் முன்னுரையில் எங்காவது பைபிள் வசனம் கண்ணில் பட்டால் "கிறிஸ்தவம்" என்று எழுதி ஒரே ரேக்கில் சொருகிவிடுவோம். வருஷக் கணக்காக இதுதான் எங்கள் நூலக விஞ்ஞானம்.

நான் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கடை அடைக்கிறவன். மதம் சொல்ல எனக்கு வாயில்லை. கதை எப்படி ஓடுகிறது என்று மட்டும் சொல்ல முடியும். இந்த மூன்று குறைகளுக்குப் பிறகு அந்த ரேக்கை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரே பெயரில் நேர் எதிரான இரண்டு ஜாதிக் கதைகளை அடைத்து வைத்திருந்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்றில் பேய் வரவே கூடாது. மற்றதில் பேய் வராமல் கதையே இல்லை.

வராத கதையிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு மூதாதை பைபிளிலேயே இருக்கிறது. பாபிலோனில் பேல் என்று ஒரு தெய்வம். தினமும் படைக்கிற மாவு, நாற்பது ஆடு, திராட்சை ரசம் எல்லாம் காலையில் காணாமல் போகும். சாமி சாப்பிடுகிறது என்று ராஜா நம்புகிறார். தானியேல் என்ற யூத தீர்க்கதரிசி சிரிக்கிறார். ராத்திரி கோயிலைப் பூட்டுவதற்கு முன் ராஜா முன்னிலையில் தரையெல்லாம் சாம்பலைத் தூவச் சொல்கிறார். கதவில் முத்திரை வைக்கிறார்கள். காலையில் முத்திரை அப்படியே இருக்கிறது, சாப்பாடு காலி. ராஜா கையெடுத்துக் கும்பிடப் போகும்போது தானியேல், "தரையைப் பாருங்கள்" என்கிறார். ஆண், பெண், குழந்தைகள் என்று காலடித் தடங்கள். எழுபது பூசாரிகளும் குடும்பத்தோடு மேசைக்குக் கீழே இருந்த ரகசியக் கதவு வழியாக வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். பூட்டிய அறை, ரகசிய வழி, தரையில் தடயம்: இன்றைக்கும் மாத நாவல் எழுதுகிறவர்கள் இதைத்தானே வைத்துப் பிழைக்கிறார்கள்! சூசன்னா கதையும் அதே தானியேலுடையதுதான். அந்தப் பெண்மேல் பொய் சாட்சி சொன்ன இரண்டு பெரியவர்களைத் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று கேட்கிறார். ஆளுக்கொரு மரம் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். (வீட்டு பைபிளில் தேடிவிட்டு "இல்லையே" என்று யாரும் போன் செய்ய வேண்டாம். இந்த இரண்டும் கத்தோலிக்கர் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் உண்டு. சி.எஸ்.ஐ. என்ற புரொட்டஸ்டன்ட் சபையார் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் தானியேல் பன்னிரண்டு அதிகாரத்தோடு முடிந்துவிடுகிறது.)

இந்த வழியில் வந்தவர்தான் ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுன். முதல் கதை 1910-இல் வந்தது, முதல் தொகுப்பு 1911-இல். குள்ளமான, குடையைத் தவறவிடுகிற, ஏமாந்த மாதிரித் தெரிகிற பங்குச் சாமியார். பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்வது, கேட்டுக் கேட்டே திருட்டு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. ஒரு கதையில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்த வீட்டில் வைரம் காணாமல் போகிறது. ஃபிளாம்போ என்ற பலே திருடன் தோட்டத்து மரத்தில் ஏறி, நிலா வெளிச்சத்தில் தப்பப் பார்க்கிறான். சாமியார் போலீஸைக் கூப்பிடவில்லை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பேசுகிறார். நல்லவனாக ஒரே மட்டத்தில் நின்றுகொண்டிருக்க முடியும், கெட்டதில் அப்படி நிற்க முடியாது, இறங்கிக்கொண்டேதான் போக வேண்டும் என்கிற மாதிரிப் பேச்சு. சற்று நேரத்தில் மரத்திலிருந்து வைரங்கள் கீழே விழுகின்றன. அந்தத் திருடன் பிறகு துப்பறிகிறவனாகவே மாறிவிடுகிறான். முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள், நூறு வருஷம் தாண்டிய கதை. சூரமங்கலத்து ஐயாவுக்கு இதைத்தான் கொடுத்தேன். ஆளைப் பிடிப்பதோடு நிற்காமல், ஆள் திரும்புவானா என்று பார்க்கிற துப்பறிவு. அதற்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை.

பேயைக் கதைக்கு வெளியே நிறுத்தியதும் இப்படிப்பட்ட கிறிஸ்தவ எழுத்தாளர்களேதான். ரொனால்டு நாக்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். அமானுஷ்யம் கூடாது என்பது அதில் ஒன்று. ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது என்பது இன்னொன்று. பின்னாளில் பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். 1930-இல் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். செஸ்டர்டன் முதல் தலைவர். தெய்வ வெளிப்பாட்டை வைத்துத் துப்புத் துலக்க மாட்டோம் என்பது அவர்கள் எடுத்த உறுதிமொழியில் ஒரு வரி! கடவுளை நம்புகிறவர்கள் கதைக்குள் கடவுளைக் குறுக்கே விடமாட்டோம் என்று சத்தியம் செய்வது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அந்தச் சங்கத்து டாரத்தி சேயர்ஸ் 1934-இல் எழுதிய 'தி நைன் டெய்லர்ஸ்' ஒரு கிராமத்துக் கோயில் மணிகளைச் சுற்றியே ஓடும். தலைப்பில் 'டெய்லர்ஸ்' என்பது சாவு மணியின் அடிகள்; ஒன்பது தையல்காரர் கதை என்று எடுத்துப் போனவர் உண்டு. மணி அடிக்கும் கணக்கு முதல் நூறு பக்கத்தில் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். தாண்டிவிடுங்கள்.

இனி பேய் வரும் கதை. இதில் பெரிய பெயர் ஃபிராங்க் பெரெட்டி. 1986-இல் வந்த 'திஸ் ப்ரசென்ட் டார்க்னஸ்' ஒரு சின்ன ஊர்க் கதை. ஒரு பாஸ்டரும் ஒரு பத்திரிகை ஆசிரியரும் ஊரை வளைக்கும் சதியைத் தோண்டுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல், தேவதூதர்களும் பிசாசுகளும் வாள் வீசிச் சண்டை போடுகிறார்கள். கீழே ஜெபிக்கிறவர்கள் கூடினால் மேலே தூதர்களுக்குப் பலம் கூடும். இங்கே துப்பு முக்கியமில்லை, வேகம்தான். சபைக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகள் ஒரே ராத்திரியில் முடிக்கிறார்கள். வேறு நம்பிக்கைக்காரர்களைக் கதையில் வில்லன் பக்கம் தள்ளிவிடுவது மட்டும் எனக்கு உறுத்தும். அதைச் சொல்லித்தான் கொடுக்கிறேன். உலகத்தின் கடைசி நாட்களைச் சொல்லும் 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசை 1995-இல் தொடங்கியது, மொத்தம் 16 புத்தகம். அட்லாண்டிக் கடல்மேல் பறக்கும் விமானத்தில் பயணிகள் சிலர் திடீரென்று மறைந்துபோய், சீட்டில் அவர்கள் உடுப்பு மட்டும் கிடக்கும். அந்த ஆரம்பத்தைப் படித்துவிட்டுக் கீழே வைத்தவரை நான் பார்த்ததில்லை. ஆறாவதுக்கு மேல் கதை கொஞ்சம் இழுக்கும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. பின்னட்டையில் "கிறிஸ்டி விருது" என்று கண்டால் அகதா கிறிஸ்டி என்று நினைத்து எடுக்காதீர்கள். அது 1967-இல் கேத்தரின் மார்ஷல் எழுதிய ஒரு நாவலின் பெயரால் கிறிஸ்தவ நாவல்களுக்குக் கொடுக்கிற விருது. மலையூர்ப் பள்ளி டீச்சர் கதை அது, துப்பறியும் கதை இல்லை. இந்தக் குழப்பத்தில் மட்டும் நான்கு புத்தகம் திரும்பி வந்திருக்கிறது.

ஃபேண்டஸிக்கு வருவோம். டீச்சரம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பைபிள்களை எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் தனியாக வைத்துவிட்டோம், அது ஒரு பதில். பிறகு அவரிடமே சி.எஸ். லூயிஸின் நார்னியா முதல் புத்தகத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு வந்தார். "சூனியக்காரி மிட்டாய் கொடுத்துப் பையனை மடக்கற இடம் பிள்ளைங்களுக்கு நல்லா உறைக்கும். சிங்கம் சாகற இடத்துல அழுதுட்டேன். ஆனாலும் மந்திரம்னு வந்தா என் மனசு ஒப்பலை தம்பி" என்றார். அதையும் மதிக்கிறோம். மற்றவர்களுக்கு ஒரு யோசனை: நார்னியா 1950 முதல் 1956 வரை வருஷம் ஒன்றாக ஏழு வந்தது. இப்போது விற்கும் செட்டில் 1 என்று நம்பர் போட்டிருப்பது 1955-இல் வந்தது. நம்பரை நம்பாமல் அலமாரிக் கதவு திறக்கிற 1950 புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள். கதவுக்குப் பின்னால் என்ன என்பது முன்பே தெரிந்துவிட்டால் பாதிச் சுவை போய்விடும்.

டோல்கீன் வேறு மாதிரி. 1954-55-இல் வந்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற மோதிரக் கதையில் பாதிரியாரும் இல்லை, பூசையும் இல்லை. ஆனால் அடிப்படையில் இது கத்தோலிக்கப் படைப்புதான் என்று ஒரு குருவானவருக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார். மோதிரம் அழிகிற தேதி மார்ச் 25. மாதாவுக்குக் கபிரியேல் தூதர், இயேசு பிறப்பார் என்ற மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது. ஏற்காட்டுக் கன்னியர் மடத்துச் சகோதரி ஒருவர்தான் எனக்கு இதைக் காட்டினார். இருபது வருஷம் அந்தப் புத்தகத்தை விற்றும் நான் கவனித்ததில்லை.

"தமிழில் இல்லையா?" என்று கேட்கிறீர்கள். இந்த வகைச் சஸ்பென்ஸ் எங்கள் கைக்கு வருவது அபூர்வம். ஆனால் பயணமும் பூதமும் உள்ள கிறிஸ்தவக் கற்பனை நமக்குப் புதிதல்ல. ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' கதையைத் தழுவி, திருநெல்வேலிப் பக்கத்து எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமே பாடிவிட்டார். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர். அந்த ஊற்றம் பாட்டில் தெரியும். ஒரு பழைய பிரதி இருக்கிறது. விற்பனைக்கு இல்லை, கடையில் உட்கார்ந்து படிக்கலாம்.

புதிய ஏற்பாடு இதுதான். (சிரிக்காதீர்கள், கடை ஏற்பாட்டைச் சொல்கிறேன்.) முதுகில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தால் துப்பறியும் கதை, பேய் வராது. சிவப்பு என்றால் தூதர், பிசாசு, கடைசி நாள் சமாச்சாரம். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வீட்டுப் பெரியவர் வந்து சொன்னால்தான் கொடுப்போம். பச்சை ஃபேண்டஸி. லூயிஸ் 1942-இல் வெளியிட்ட, பெரிய பிசாசு சின்னப் பிசாசுக்கு வேலை கற்றுக்கொடுத்து எழுதும் கடிதங்களுக்கு என்ன நிறம் என்று எங்களுக்குள் இன்னும் சண்டை. பிசாசு பேசுகிறது, ஆனால் பயமே வராது, சிரிப்புத்தான் வருகிறது. தற்போதைக்கு இரண்டு டேப்பும் ஒட்டியிருக்கிறது.

வாடகை பழையபடி பத்து நாளுக்கு 20 ரூபாய், டெபாசிட் 200. "பிரசங்கமாக இருந்தது" என்று மூன்று நாளுக்குள் திருப்பினால் வாடகையில் பாதி கழித்துக்கொள்ளலாம். பி.டி.எஃப். கேட்காதீர்கள், ஜெராக்ஸும் போட்டுத் தரமாட்டோம். ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை ஒண்டிக்கடைப் பக்கம் வழக்கமான பெட்டிக்கடையில் பை வரும். மழைக்காலத்தில் புத்தகத்தை ஜன்னலோரம் வைக்காமல், பிளாஸ்டிக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் எங்கள் மொட்டை மாடிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

'லெஃப்ட் பிஹைண்ட்' ஆறாம் பாகத்தைப் பிப்ரவரியில் எடுத்துப் போனவர், நோட்டில் கையெழுத்து புரியவில்லை, தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள். ஐந்தாவதை முடித்துவிட்டு மூன்று பேர் காத்திருக்கிறார்கள். அதில் ஒருவர் தினமும் போன் செய்கிறார்.

அன்புடன்,
கடையிலிருந்து