வேலையை விட்டவரின் சாவி சர்வரில் இன்னும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊழியர் வேலையை விட்டுப் போனால் அடையாள அட்டையை வாங்கிக்கொள்கிறோம், மின்னஞ்சலை முடக்குகிறோம். லினக்ஸ் சர்வர்களில் அவர் பதித்து வைத்த எஸ்எஸ்ஹெச் சாவியை (தொலைவிலிருந்து கடவுச்சொல் இல்லாமல் சர்வரில் நுழைய உதவும் மின்னணுச் சாவி) யாரும் தேடுவதில்லை. 'பாஸ்வேர்டு -எல்' (passwd -l) என்ற கட்டளையைக் கொடுத்தால் கணக்கு பூட்டப்பட்டுவிடும் என்று நிர்வாகிகள் பலர் நம்புகிறார்கள். அது கடவுச்சொல்லை மட்டுமே பூட்டும். சாவி உள்ளவர் வழக்கம்போல் நுழையலாம். கணக்கையே காலாவதியாக்க 'யூசர்மாட் -இ 1' (usermod -e 1) வேண்டும், அதையும் ஒவ்வொரு சர்வரிலும் செய்ய வேண்டும்.

இதற்கு நிரந்தர வழி ஃபெடரேட்டட் லாகின், அதாவது சொந்த நிறுவனத்தின் கணக்கைக் கொண்டே வேறு இடங்களிலும் நுழைவது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்ற நுழைவுச் சேவை மூலம் கல்லூரிக் கணக்கைக் கொண்டே மின்னிதழ்களைப் படிக்க முடிகிறதல்லவா, அதே ஏற்பாடுதான். பயனர் தன் நிறுவனத்தின் கணக்கில், கீக்ளோக் போன்ற மென்பொருள் வழியாக, தன்னை நிரூபிக்கிறார். உடனே அவருடைய பொதுச் சாவிக்கு (சாவி இணையில் பிறருக்குக் காட்டக்கூடிய பகுதி) எட்டு மணி நேரச் சான்றிதழ் கையொப்பமாகிக் கிடைக்கிறது. நிறுவனம் கணக்கை மூடினால் மறுநாள் சான்றிதழ் கிடையாது. சர்வர்களில் எஸ்எஸ்ஹெச் நுழைவைக் கவனிக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் இந்தச் சான்றிதழ் வசதி 2010 முதல் உண்டு. சர்வரின் எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் 'டிரஸ்டட்-யூசர்-சிஏ-கீஸ்' (TrustedUserCAKeys) என்ற ஒரு வரியைச் சேர்த்து, கையொப்பமிடும் சாவியின் பொதுப் பகுதியைக் காட்டினால் போதும். பயனர் கணக்கு மட்டும் சர்வரில் முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்தக் கணக்கை எல்டாப் (மையப் பயனர் பட்டியல்) என்பதிலிருந்து எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை வழியாக எடுத்தால் எல்லா சர்வரிலும் யூஐடி (பயனர் எண்) ஒன்றாக இருக்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். புதிய வழியைத் திறந்தவர்கள் பழையதை மூட மறந்துவிடுகிறார்கள். அதே கோப்பில் 'ஆதரைஸ்டு-கீஸ்-ஃபைல் நன்' (AuthorizedKeysFile none) என்று எழுதி, கடவுச்சொல் நுழைவையும் நிறுத்தாவிட்டால் பழைய சாவிகள் அப்படியே வேலை செய்யும். அதே அமைப்பு, அமைப்புக் கோப்போடு சேர்த்துப் படிக்கப்படும் துணைக் கோப்புறையில் வேறு மதிப்போடு இருந்தால் முதலில் படிக்கப்படுவதே செல்லும். ஆகவே கோப்பைப் பார்த்து முடிவுகட்டாமல் 'எஸ்எஸ்ஹெச்டி -டி' (sshd -T) என்று பெரிய டி போட்டு, உண்மையில் நடப்பில் இருப்பதைப் பாருங்கள். மாற்றம் முடியும்வரை திறந்திருக்கும் ஒரு இணைப்பை மூட வேண்டாம். பயனரைச் சரிபார்க்கும் அடையாள சர்வர் படுத்துவிட்டால் உள்ளே போக, குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் தனி விதி தரும் 'மேட்ச் யூசர்' (Match User) பகுதியில் ஒரே ஒரு அவசரக் கணக்கை விட்டுவையுங்கள்.

மின்னஞ்சலில் '@' குறிக்கு முன்னுள்ள பெயரையே பயனர்பெயராக எடுப்பது ஆபத்து. ஒரே சர்வரைப் பயன்படுத்தும் இரண்டு நிறுவனங்களிலும் ஒரு 'குமார்' இருந்தால் ஒருவர் மற்றவரின் கணக்கில் நுழைந்துவிடுவார். எந்த நிறுவனம், அங்கே அவருடைய மாறாத எண் எது என்ற இரண்டையும் சேர்த்தே பொருத்த வேண்டும். கையொப்பமிடும் கணினியின் கடிகாரம் முந்தினால் 'சான்றிதழ் இன்னும் செல்லாது' என்று சர்வர் மறுக்கும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் குரோனி மென்பொருள் ஓடட்டும், சான்றிதழின் தொடக்க நேரத்தை ஐந்து நிமிடம் பின்தள்ளிக் கையொப்பமிடுவதும் நல்லது.

சான்றிதழ் முடிந்தாலும் ஏற்கெனவே திறந்துள்ள இணைப்பு அறுபடாது. ஊழியர் விலகிய அன்றே அவருடைய செஷன்களை (திறந்துள்ள நுழைவுகளை) 'லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர்' (loginctl terminate-user) கொடுத்து நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
லினக்ஸ் சர்வர் நிர்வாகிகள் சிலர்,
கோயம்புத்தூர்