போன் குடுக்காதேன்னா வேற என்னத்த குடுக்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வந்த இணைப்புல, சின்னப் பிள்ளைங்களுக்கு போன காட்டி சோறு ஊட்டாதீங்கன்னு ஒரு டாக்டர் எழுதியிருந்தாங்க. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, நான் குத்தம் சொல்ல வரல. ஆனா முழுப் பக்கமும் வாசிச்சு முடிச்சப்புறம் ஒரு சந்தேகம். "தாய்மார்களே"ன்னு ஆரம்பிச்சு "தாய்மார்களே"ன்னே முடிச்சிருக்காங்களே, அந்தப் பிள்ளைக்கு வீட்டுல வேற ஆளே கிடையாதா? அதான் எழுதுறேன். களியக்காவிளை பக்கம் வீட்டோட இருந்து பிள்ள வளக்குறவ நான், மகளுக்கு இன்னும் ரெண்டு வயசு திகையல.

ரூல் தெரியாம யாரும் போன் குடுக்கல சார். உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லியாச்சு, ஒரு வயசுப் பிள்ளைக்கு ஸ்கிரீனே வேண்டாம், ரெண்டு வயசு ஆனப்புறமும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, குறைஞ்சா ரொம்ப நல்லதுன்னு. நம்ம நாட்டு குழந்தை டாக்டர்மாரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்றாங்க, எப்பவாவது சொந்தக்காரங்ககூட வீடியோ கால் பேசினா மட்டும் பரவாயில்லையாம் (கல்ஃப்ல மாமனும் சித்தப்பனும் இருக்க வீட்டுக்கெல்லாம் ரொம்ப நிம்மதி). இது எல்லாருக்கும் மனப்பாடம். தடுப்பூசிக்குப் போனா நர்ஸ் சொல்றாங்க, கல்யாண வீட்டுக்குப் போனா பக்கத்து சேர்ல இருக்க அம்மச்சி சொல்றாங்க, ஆட்டோக்காரர்கூட ஒரு நாள் திரும்பிப் பாத்து சொன்னாரு.

ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட அதே 2019 அறிக்கையில இன்னொரு பாதி இருக்கு, அத ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறாங்க. ஒரு வயசு தாண்டின பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிசமாவது ஓடி, நடந்து, ஏறி, எறங்கி, அப்படி இப்படின்னு உடம்ப அசைக்கணும், ஒரே எடத்துல கட்டிப் போட்ட மாதிரி 1 மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாது, சும்மா உக்காந்திருக்க நேரத்துல பெரியவங்க யாராவது பக்கத்துல இருந்து கத சொல்லணும், பொஸ்தகம் காட்டணும். 180 நிமிசம்னா 3 மணி நேரம் சார். எங்க ஓட விட?

எங்க வீட்டுக்கு முன்னாடி முத்தம்னு ஒண்ணு இருந்துச்சு, நான் கல்யாணம் ஆகி வந்தப்போகூட இருந்துச்சு, ரோடு அகலம் ஆனதுல பாதி போச்சு, மீதியில கார் நிக்குறதுக்கு சிமெண்ட் போட்டாச்சு. கேட்டத் தொறந்தா ரோடு. ரோட்டுல கேரளாவுக்கு கல்லும் எம்சாண்டும் ஏத்திட்டுப் போற டாரஸ் லாரி, ஒண்ணு போனா பின்னாடியே ஒண்ணு, ராத்திரி பகல் கணக்கே கிடையாது. அது போற வேகத்துல எங்க ஜன்னல் கம்பி அதிரும், காயப் போட்ட துணியில வெள்ளப் பொடி படியும். இதப் பத்தி உங்க பேப்பர்லயே எத்தனையோ தடவ வந்தாச்சு, போராட்டமும் நடந்தாச்சு, நான் புதுசா ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தச் செய்தி எல்லாம் ஆக்சிடெண்ட் பத்தியும் ரோடு ஒடையறது பத்தியும்தான் வருது. அந்த லாரிக்குப் பயந்து கேட்ட பூட்டிட்டு உள்ள இருக்க பிள்ளைங்க கணக்க யாரு எடுக்கா? அந்தப் பிள்ளைங்க கையிலதான் போன் இருக்கு. இணைப்புல டாக்டர் எழுதுனதும் முதல் பக்கத்துல லாரி செய்தி வந்ததும் எனக்கு ஒரே செய்தியாத்தான் தெரியுது.

பார்க் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, மாத்தூர் தொட்டிப்பாலத்துகிட்ட இருக்கு, திற்பரப்புல இருக்கு, எல்லாம் டூரிஸ்ட்டுக்கு உள்ளது, வேன் புடிச்சு குடும்பத்தோட போய் போட்டோ எடுத்துட்டு வரலாம். தெனமும் சாயங்காலம் 4 மணிக்கு ஒரு பிள்ளைய இடுப்புல வெச்சிட்டு நடந்து போய் எறக்கி விட எங்க ஊர்ல ஒரு துண்டு எடம் கிடையாது.

அடுத்து, வீட்டுல பாட்டி இருப்பாங்களேன்னு கேப்பாங்க. எங்க மாமி அண்டி ஆபீஸுக்கு, அதான் முந்திரிக்கொட்ட உடைக்கிற ஃபாக்டரிக்கு, போறாங்க. அம்பது வயசு தாண்டிட்டு, இன்னும் போறாங்க, காலைல அவங்க போற நேரத்துக்குத்தான் பிள்ள எந்திரிக்கும், திரும்பி வர நேரம் அதுக்கு ஒறக்கம் வந்திரும். அண்டி உடைச்ச கையில அந்தத் தோட்டு எண்ணெ பட்டு விரல் முனையெல்லாம் கறுத்து தோல் உரிஞ்சு இருக்கும். வந்த ஒடனே தேங்கா எண்ணெ போட்டு தேச்சு, சோப்பு போட்டு, அப்புறமும் பிள்ளையோட மொகத்தத் தொட மாட்டாங்க, மொழங்கையால அணைச்சுத்தான் மடியில இருத்துவாங்க. பாட்டி கத சொல்லி வளத்த காலம்னு மேடையில பேசுறாங்களே, அந்தப் பாட்டிமார்ல பாதிப் பேரு எங்க பக்கத்துல கூலிக்குப் போறவங்க. 30 பொம்பளைங்களுக்கு மேல வேல செய்ற ஃபாக்டரியில பிள்ளைங்களுக்குன்னு ஒரு ரூம் வேணும்னு 1948-ல போட்ட ஃபாக்டரி சட்டத்துல இருந்துச்சு. வேலைக்குப் போறவளுக்கு சட்டத்துலயாவது ஒரு ரூம் உண்டு, வீட்டுல இருக்கவளுக்கு அடுக்களைதான்.

இப்போ சோறு ஊட்டுற விசயத்துக்கு வாறேன். மத்தியானம் நான் போன் குடுக்கேன், ஒளிச்சு சொல்லல. அது எந்த நேரம்னு கேளுங்க. குக்கர் எறக்கியாச்சு, மீன்காரம்மா ஸ்கூட்டர்ல வந்து குடுத்துட்டுப் போன பாறை மீன வெட்டிக் கழுவி கொழம்பு வெச்சாச்சு, பிள்ளைக்கு மட்டும் மொளகு இல்லாம ஒரு துண்டத் தனியா மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு எடுத்து வெச்சாச்சு. அந்தத் துண்ட வெரலால உதுத்து உதுத்து முள்ளு இருக்கான்னு தடவிப் பாத்துத்தான் சோத்துல பெசையணும், கண்ணால பாத்தா தெரியாது, வெரலுக்குத்தான் தெரியும். அந்த நேரம் பிள்ள ஓடி வந்து தட்டத் தட்டி விடும், இல்லேன்னா அடுப்புகிட்ட போகும், இல்லேன்னா கேட்டுகிட்ட போய் நின்னு தொறந்து விடுன்னு ஒரே நெலவிளி. கையெல்லாம் மீனும் சோறும், அதத் தூக்கவும் முடியாது. அந்தப் பத்துப் பதினஞ்சு நிமிசத்துக்கு இன்னொரு ஆளு இருந்தா போன் எதுக்கு? போன்ல பாத்துட்டே தின்னா வயிறு நெறஞ்சதே பிள்ளைக்குத் தெரியாது, திருப்பிப் பேசுற ஆளு இல்லாம பேச்சு வர லேட் ஆகும்னு டாக்டர் எழுதுனது உண்மைதான், நான் ஒத்துக்கிறேன். ஆனா திருப்பிப் பேசுற ஆளு அந்த நேரம் முள்ளு எடுத்துட்டு இருக்கா சார்.

வீட்டுக்காரரு திருவனந்தபுரத்துல சாலை பஜார்ல ஒரு கடையில கணக்கு எழுதுறாரு. வெளுப்பாங்காலம் களியக்காவிளையில இருந்து பஸ் ஏறினா ராத்திரி வர மணி 9 ஆகும், பாலராமபுரத்துல பிளாக் ஆனா அதுக்கும் மேல. நல்ல மனுசன்தான், ஆனா பிள்ளை முழிச்சிருக்கப்போ அவர அது பாக்குறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளும் அவரு கையில பேப்பரு, அப்புறம் போனு, அப்புறம் ஒறக்கம். பிள்ளை போய் மடியில ஏறினா அவரும் என்ன செய்வாரு, அதே போனத்தான் காட்டுவாரு. ஆனா "பிள்ளைக்கு போன் பழக்கி வெச்சிருக்கா"ன்னு பேச்சு வர்றது எனக்குத்தான், அவருக்கு இல்ல.

இது எங்க வீட்டுக் கத மட்டும் இல்ல. மத்திய அரசு 2024-ல எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல 15-ல இருந்து 59 வயசுக்குள்ள உள்ள பொம்பளைங்க நூத்துக்கு 41 பேரு வீட்டுல உள்ளவங்கள பாத்துக்கிற வேல செய்றாங்க, ஆம்பளைங்க 21 பேருதான். சரி, அந்த 21 பேராவது சமமா செய்றாங்களான்னு பாத்தா, பொம்பளைங்க ஒரு நாளைக்கு 140 நிமிசம், அவங்க 74 நிமிசம். இதுல சமையலும் துணி தொவைக்கிறதும் சேராது, அதுக்கு வேற கணக்கு, 6 வயசுல இருந்து எல்லாரையும் சேத்து எடுத்தா 289 நிமிசம் பொம்பளைக்கு, 88 நிமிசம் ஆம்பளைக்கு. இந்தக் கணக்க வெச்சிட்டு "தாய்மார்களே"ன்னு மட்டும் கட்டுரை எழுதினா, வேல செய்றவளுக்கே இன்னும் ஒரு வேல சேத்துக் குடுக்குற மாதிரிதானே?

நான் சும்மா பொலம்பிட்டு மட்டும் இருக்கல. எனக்குக் கெடச்ச வழி டவுன் பஸ். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாதே, வெயில் தாந்தப்புறம் பிள்ளைய தூக்கிட்டு களியக்காவிளையில ஏறி மார்த்தாண்டம் வரைக்கும் போவேன், அடுத்த பஸ்ல திரும்பி வருவேன். ஜன்னல் சீட் கெடச்சா போதும், அதுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மாடு, ரப்பர் பாலு கொண்டு போற வண்டி, பழக்கடையில தொங்குற செந்துளுவன் கொல, குழித்துறை பாலத்துல போறப்போ கீழ ஆத்து வெள்ளம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம் போடும், நான் திருப்பி பேர் சொல்லுவேன், அது அதத் திருப்பிச் சொல்லப் பாக்கும். டாக்டர் சொன்ன அந்தப் பேச்சு அங்கதான் வருது. ஒரு தடவ கண்டக்டர் "எங்கம்மா போறீங்க, தெனமும் பாக்கேன், இந்தால போறீங்க, ஒடனே வாறீங்க"ன்னு கேட்டாரு, எங்கயும் இல்லண்ணே, சும்மான்னு சொன்னேன், அவரு ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாரு. ஓசி பஸ்ல ஊரு சுத்துறாளுங்கன்னு பின்னாடி சீட்ல யாரோ சொன்னதும் காதுல விழுந்துச்சு. சொல்லிட்டுப் போகட்டும். ஆனா மழ புடிச்சா அதுவும் போச்சு, எங்க மாவட்டத்துக்கு ரெண்டு மழயும் உண்டுன்னு உங்களுக்குத் தெரியும், ஜூன்ல ஒண்ணு, ஐப்பசியில ஒண்ணு, அந்த மாசங்கள்ல துணி ஒணங்குறதே பெரும்பாடு, இதுல பிள்ளைய வெளிய எங்க கொண்டு போக.

அங்கன்வாடி இருக்கு. 1975 அக்டோபர் 2-ல ஆரம்பிச்ச திட்டம், 50 வருசம் தாண்டிட்டு, அது இல்லேன்னா எத்தனையோ வீட்டுல கஞ்சிக்கே வழியில்லாம இருந்திருக்கும், அத நான் மறக்கல. ஆனா ரெண்டு வயசு ஆகாத பிள்ளைக்கு அங்க இருந்து சத்துமாவு பாக்கெட் வீட்டுக்கு வரும், பிள்ளை அங்க போக முடியாது. அந்தக் கட்டடம் சாயங்காலம் பூட்டிக் கெடக்கு. உள்ள ஒரு சறுக்கு, ரெண்டு பிளாஸ்டிக் குதிர, செவுத்துல யான படம், சுத்தி மதிலும் உண்டு. எங்க மகள் கேட்டு வழியா கைய விட்டு அந்தக் குதிரயத் தொடப் பாக்கும், எட்டாது.

பார்டர் தாண்டி அந்தப் பக்கம் ஒரு விசயம் நடந்துச்சே, ஞாபகம் இருக்கும். கேரளாவுல ஒரு சின்னப் பையன் அங்கன்வாடியில உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரிச்ச கோழியும் வேணும்னு சொன்ன வீடியோ, ஊரே பாத்துச்சு, மந்திரி பாத்தாங்க, 2025 ஜூன்ல அங்கன்வாடி மெனுவையே மாத்தி முட்ட பிரியாணி சேத்தாங்க. அதுவும் போன்ல எடுத்த வீடியோதான், பாருங்க! ஒரு பிள்ளை கேட்டா அரசாங்கம் சாப்பாட்டயே மாத்துது. இங்க உள்ள பிள்ளைங்க அதுபோல பேசுற வயசு இல்ல, அதான் அவங்க சார்புல நான் கேக்கேன். அங்கன்வாடி டீச்சர்மாருக்கு ஏற்கனவே தல நிமிர முடியாத வேல, ஓட்டு லிஸ்ட் வரைக்கும் அவங்க தலயில, அதனால அவங்கள இருக்கச் சொல்லல. சாவிய எங்க தாய்மார் குழுகிட்ட குடுங்க. சாயங்காலம் 4-ல இருந்து 6 வரைக்கும் நாங்களே தொறந்து, நாங்களே பாத்து, நாங்களே பெருக்கிப் பூட்டிருவோம். நாலு தாய்மாரு ஒரு எடத்துல இருந்தா ஒருத்தி சோறு ஊட்ட மத்த மூணு பேரு மத்த பிள்ளைங்கள பாத்துக்கலாம். செலவு ஒண்ணும் இல்ல, மனு குடுத்தாச்சு, பதிலுக்கு நாங்களும் காத்திட்டு இருக்கோம்.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அந்த டாக்டர்கிட்டயே இன்னொரு பக்கம் எழுதச் சொல்லுங்க, இந்தத் தடவ "தகப்பன்மார்களே"ன்னு ஆரம்பிக்கட்டும். பிள்ளைக்கு எப்படி மீன் முள்ளு பாக்கணும், எப்படிக் கத சொல்லணும், அந்த 180 நிமிசத்துல ஞாயித்துக்கிழமை பங்கு எத்தன நிமிசம், எல்லாம் வெவரமா வரட்டும். வார நாள்ல போட வேண்டாம், ஞாயித்துக்கிழமையே போடுங்க, அன்னைக்கு எங்க வீட்டுல பேப்பரு என் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அவரு கையிலதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களியக்காவிளை பக்கம், குமரி மாவட்டம்.