ஒழுங்கையின் இரண்டு பக்கமும்

ஸ்ரேர்லிங், ஸ்கொட்லாந்து
மார்கழி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கட கடிதமும், ஊர்க் கிணத்துத் தண்ணியைப் பற்றி வீடுவீடாக் கேக்கிறதுக்குச் சனசமூக நிலையம் எழுதின கேள்விக்கொத்தும் கிடைச்சு மூண்டு கிழமையாச்சு. பதில் போடாததுக்குக் கோவிக்காதேங்கோ. பரீட்சை எண்டு சாட்டுச் சொல்லவும் ஏலாது, இந்தத் தவணை எங்களுக்குப் பரீட்சை இல்லை. மொத்தம் 180 கிரெடிட், அதில 60 கடைசி ஆய்வுக்கட்டுரைக்கு, மிச்சம் பாடங்களுக்கு. "சமூக ஆராய்ச்சி படிச்சு என்ன உத்தியோகம் பாக்கிறது?" எண்டு பெரியப்பா கேட்டவராம். உங்கட கேள்விக்கொத்தைத் திருத்தி இதோட வைச்சிருக்கிறன், அதைக் காட்டுங்கோ.

குளிர் பழகீட்டுது. பின்னேரம் நாலு மணிக்கு முதலே இருண்டுபோகும். மேல்மாடியில ஒரு கிழவர். மழையோ பனியோ, காலமை பல்கலைக்கழகத்து ஏரிக்குப் போய் அன்னங்களை எண்ணிக் கொப்பியில எழுதுவார். ஏனெண்டு கேட்டால் சிரிப்பார். சாப்பாட்டுக்குக் குறையில்லை, சோறும் பருப்பும் எப்பவும் இருக்கு.

இனிக் கிணத்து விசயம். ஊரில 600 குடும்பம் எண்டு எழுதியிருக்கிறியள். 95 வீத நம்பிக்கையோட, 5 வீதம் கூடக்குறைய இருக்கலாம் எண்டு கணக்குப் பாத்தால், பெரிய சனத்தொகைக்கு 384 வீட்டில கேக்கவேணும். 600க்குச் சுருக்கினால் 235 காணும். ஆனால் அஞ்சில ஒரு வீட்டிலயாவது ஆள் இராது, இல்லாட்டி மாட்டம் எண்டுவினம். அதால 235ஐ 0.8ஆல பிரியுங்கோ, 294 வரும். 300 எண்டு வைச்சால் ஒண்டுவிட்டு ஒரு வீடு.

பிழை வாற இடம் அதுதான். நீங்கள் பட்டியலில இடப்பக்கம் ஒரு வீடு, வலப்பக்கம் ஒரு வீடு எண்டு மாறிமாறி எழுதியிருக்கிறியள். அதில ஒண்டுவிட்டு ஒண்டு எடுத்தால் ஒழுங்கை முழுக்க ஒரே பக்கம்தான் அகப்படும். எங்கட ஒழுங்கையில வயல்கரைப் பக்கம் உவர், கோயில் பக்கம் நல்ல தண்ணி. 300 வீடு ஏறி இறங்கியும், ஊரே உவர் எண்டோ ஊரே நல்ல தண்ணி எண்டோதான் முடிவு வரும். இடப்பக்கத்தை முழுக்க எழுதி, முடக்கில திரும்பி, வலப்பக்கத்தை எழுதிக்கொண்டு வாங்கோ. முதலாம் வீட்டில தொடங்கிறதோ இரண்டாம் வீட்டிலயோ எண்டதுக்குக் காசைச் சுண்டிப் பாருங்கோ.

பூட்டின வீட்டுக்குப் பதிலாப் பக்கத்து வீட்டுக்குப் போறேல்ல. பின்னேரம் ஒருக்கா, ஞாயிறு ஒருக்கா எண்டு மூண்டு தரமாவது போகவேணும். பகலில மட்டும் போனால், தோட்டத்துக்கு இறைக்கிற ஆள் ஒருநாளும் அகப்படமாட்டார். தண்ணியைப் பற்றி அவருக்குத்தான் கூடத் தெரியும்.

7ஆம் கேள்வி, "உங்கள் கிணற்றுநீர் குடிக்கவும் குளிக்கவும் ஏற்றதா?" குளிக்கலாம், குடிக்கேலாது எண்டிற ஆள் எதில புள்ளடி போடுவார்? இரண்டாப் பிரியுங்கோ. 9ஆம் கேள்வி, "நீர் மாசடைந்து வருவதை அறிவீர்களா?" அது கேள்வியில்லை, பதிலைச் சொல்லிக் குடுக்கிறது. "போன வருசத்தோட பாக்க இப்ப தண்ணியின்ர ருசி எப்பிடி?" எண்டு கேளுங்கோ. வாயால கேக்கிற கேள்வியைப் பேச்சுத் தமிழிலயே எழுதுறதுதான் சரி. செந்தமிழில எழுதினால் ஒவ்வொரு பெடியனும் தன்ர பாட்டுக்கு மாத்திக் கேப்பான்.

விதானையாரிட்டப் பட்டியல் வாங்குங்கோ, ஆனால் ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. அவர் படலையில நிண்டால் சனம் நிவாரணம் எண்டு நினைக்கும், நல்ல கிணறும் அண்டைக்கு உவராப் போடும்.

வயசு தெரியாட்டி 99 எண்டு போடச் சொன்னியளாம். கொம்பியூற்றர் அதை வயசாத்தான் எடுக்கும், சராசரி தன்பாட்டில ஏறும். 999 போட்டு, அது விடுபட்ட பெறுமதி எண்டு எஸ்.பி.எஸ்.எஸ். எண்ட கணக்குப் பாக்கிற மென்பொருளில முதலே சொல்லிவையுங்கோ. 'கிணறு எத்தினை மாதம் வத்தினது?' எண்டதுக்கு வத்தவே இல்லையெண்டால் 0, கேக்காமல் விட்டிருந்தால் 999. மேல்மாடிக் கிழவருக்கு இது தெரியும். அன்னம் இல்லாத நாளுக்கு 0 எழுதியிருக்கிறார், தான் போகாத நாளுக்குக் கட்டம் வெறுமை.

இது சின்ன வேலையெண்டு நினைக்காதேங்கோ. இங்க 2020இல ஸ்கொட்லாந்தை 6,976 துண்டாப் பிரிச்சு, வருமானம், வேலை, சுகம் எண்டு ஏழு வகையில எது பின்தங்கினதெண்டு வரிசைப்படுத்தி வைச்சிருக்கினம். எங்கட யாழ் மாவட்டத்தில 435 கிராம அலுவலர் பிரிவு இருந்தும், 1981க்குப் பிறகு சனத்தை முதல்முறை முழுசா எண்ணினது 2012இலதான்.

பெரியம்மாவைப் பேட்டி கண்ட பதிவும் வந்தது. தொடக்கத்தில அவவின்ர பேரைச் சொல்லியிருக்கிறியள், அதை வெட்டிப்போட்டு ஒரு இலக்கம் போடுங்கோ. பதியிறதுக்கு முதல் சம்மதம் கேக்கவேணும். 11 நிமிசம்தான், சொல்லுக்குச் சொல் எழுத ஒரு மணித்தியாலத்துக்கு மேல போட்டுது. பின்னால கேக்கிற சத்தத்தையும் குறிக்கிறது எங்கட முறை. காகம் எண்டு எழுதினன், கப்பிச் சத்தம் எண்டு எழுதினன். ஆறாம் நிமிசத்தில அம்மா "தேத்தண்ணி ஆறுது, வாங்கோ" எண்டு கூப்பிடுறா. அது ஆய்வுக்குத் தேவையில்லாத துண்டு. நான் வெட்டேல்ல. எத்தினை தரம் திருப்பிக் கேட்டனெண்டு அம்மாட்டச் சொல்லவேண்டாம்.

கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல வேலை செய்ய விசா விடாது, அதால எனக்கு ஓய்வுதான். உங்கட சங்கிலியை மீட்கிற காசு இந்த மாதம் அனுப்பேலாமல் போச்சு, தை மாதம் அனுப்பிறன். அதுவரைக்கும் வட்டியை மட்டும் கட்டுங்கோ, அப்பாவுக்குத் தெரியவேண்டாம். பனங்காணியை விக்கிற கதையை அவர் திரும்ப எடுத்தால், தம்பிக்குக் காசு காணும் எண்டு சொல்லுங்கோ.

சித்தப்பா வடக்கு எல்லையில கதியால் போடக் கேட்டவராமே. நில அளவையாளர் வருமட்டும் விடாதேங்கோ. வரைபடம் தகரப்பெட்டிக்குள்ள, காணி உறுதிக்குக் கீழ இருக்கு.

அன்புத் தம்பி