இரண்டு சாளரங்களைத் திறக்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினித் திரையில் ஒரு நேரத்தில் ஒரு சாளரம் (விண்டோ) மட்டுமே இருந்தால்தான் பயனரின் கவனம் சிதறாது என்னும் கருத்து, மென்பொருளை வடிவமைப்பவர்களிடையே அவ்வப்போது தலைதூக்குகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் உடன்பாடில்லை.

மூலம் ஒரு பக்கமும் என் பிரதி மறுபக்கமும் இருந்தால்தான் என் வேலை நடக்கும். இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டால், மூல வாக்கியத்தை மனத்தில் ஏந்திக்கொண்டு அடுத்த சாளரத்துக்குத் தாவி, பாதி எழுதுவதற்குள் ஓர் எண்ணிலோ பெயரிலோ ஐயம் வந்து, மீண்டும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. திரை சுமக்க வேண்டியதை நினைவு சுமக்கிறது. பிழை நுழைவதும் இப்படித் தாவும்போதுதான். கணக்கைச் சரிபார்ப்பவருக்கும், ஒப்பந்தத்தின் இரு வரைவுகளை ஒப்பிடுபவருக்கும் இதே பாடுதான். வேலை ஒன்றாக இருக்கலாம். அதற்கு வேண்டிய தாள்கள் பலவாக இருக்கும்.

கட்டுப்படுத்திப் பார்த்த மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பின்வாங்கியிருக்கிறது. 1985இல் வெளிவந்த விண்டோஸின் முதல் பதிப்பு, சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க விடாமல், தரையில் ஓடு பதித்ததுபோல் அருகருகே மட்டுமே அடுக்கியது. 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தத் தடை நீங்கியது. 2012இல் விண்டோஸ் 8 தன் புதிய வகைச் செயலிகளை முழுத்திரையில் விரித்தது (ஓரத்தில் இன்னொன்றை ஒட்டிவைக்கலாம், அவ்வளவே). 2015இல் விண்டோஸ் 10 அவற்றையும் வழக்கமான சாளரங்களுக்குள் கொண்டுவந்தது.

கைபேசியின் சிறிய திரைக்கும் தேர்வு எழுதும் மென்பொருளுக்கும் ஒற்றைச் சாளரம் பொருத்தமே. நானும் சில நாள் முழுத்திரையில் எழுதுவதுண்டு. ஆனால் அது நானே தேர்ந்துகொள்வது, வேண்டாதபோது ஒரு விசையில் விலக்கிக்கொள்வது.

பல சாளரங்களை அனுமதிக்கும் மென்பொருளிலும் ஒரு தொல்லை எஞ்சியிருக்கிறது. ஒரு சிறு பெட்டி குறுக்கே வந்து ஆவண எண்ணைக் கேட்கும்; அந்த எண் பின்னால் உள்ள பக்கத்தில் இருக்கும்; பெட்டியை மூடாமல் அந்தப் பக்கத்தை நகர்த்த முடியாது, மூடினால் அதுவரை நிரப்பியதெல்லாம் போய்விடும். பெட்டி திறந்திருக்கும்போதே பின்பக்கத்தை நகர்த்திப் படிக்கவாவது வடிவமைப்பாளர்கள் வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்