அந்தக் குகை இறால் 'திரும்பி' எல்லாம் வரலைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல 'அமெரிக்க குகையில் அழிந்த இறால் திரும்ப வந்தது'ன்னு ஒரு துணுக்கு போட்டிருந்தீங்க. படிக்க சந்தோஷம்தான், ஆனா தலைப்பும் சரியில்ல, முக்கியமான சங்கதியும் விட்டுப்போச்சு, அதான் எழுதறேன்.

முதல்ல அது இறால் இல்ல, கிரேஃபிஷ். கடல் சிங்கி இறாலுக்கு நல்லதண்ணி சொந்தக்காரன்னு வெச்சுக்கலாம். அலபாமால ஹன்ட்ஸ்வில்னு ஒரு ஊரு, நிலாவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்ட உருவாக்குன ஊருதான், அதுக்கு அடியில இருக்கற ஷெல்டா குகைல மட்டும்தான் இது இருக்கறதா தெரிஞ்சிருக்கு. நிறம் கிடையாது, பார்வை கிடையாது, முதுகு ஓடு ஒரு இஞ்ச் கூட வராது. 1988க்கு அப்புறம் யார் கண்லயும் படல. 2019ல மேத்யூ நீமில்லர்ங்கற விஞ்ஞானி குகைக்குள்ள தண்ணில முங்கி ஒரு பொட்டைய வலைல புடிச்சாரு, 2020ல ஒரு ஆண் கிடைச்சது. அவ்ளோதான், ரெண்டு. திரும்ப வந்ததுன்னா அது எங்க சார் போயிருந்துச்சு, அங்கேயேதான இருட்டுல கெடந்துச்சு!

அப்புறம் 176 வருஷம் வாழும்னு வேற எழுதிட்டீங்க. அது அதே குகைல இருக்கற வேற ஒரு வகைக்கு 1975ல சொன்ன கணக்கு, 2012ல திரும்ப ஆராய்ஞ்சு பார்த்து 22 வருஷம்தான்னு சொல்லிட்டாங்க.

இப்போ விட்டுப்போன சங்கதி, இது ஏன் கொறஞ்சுதுன்னு. குகைய காப்பாத்தணும்னு அமெரிக்காவோட தேசிய குகை ஆய்வுச் சங்கம் 1967ல அத விலைக்கே வாங்குனாங்க. நல்ல மனசுதான். அடுத்த வருஷமே கண்டவனும் உள்ள போகக்கூடாதுன்னு வாசல்ல கேட் போட்டாங்க, ஆளும் போக முடியல, வௌவாலும் போக முடியல. உள்ள வெயில் இல்ல, செடி கொடி இல்ல, வௌவால் வெளிய பூச்சி தின்னுட்டு வந்து போடற புழுக்கைதான் அந்தத் தண்ணில இருக்கற ஜீவனுக்கெல்லாம் பெரிய சாப்பாடு. 70கள்ல வௌவால் கூட்டம் காலி, சோறும் நின்னுபோச்சு. பின்னாடி வௌவால் நுழையற மாதிரி கேட்ட மாத்துனாங்க, அதுங்க வரல. போதாக்குறைக்கு மேல ஊர் பெருத்து, பூச்சிமருந்து நிலத்தடித் தண்ணிக்கு எறங்கியிருக்கு.

அடுத்த தடவ இந்த மாதிரி துணுக்கு போட்டா அந்த கேட்டுக்கும் ஒரு வரி ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்